கட்டாய இராணுவப் பயிற்சி – யாரைக் கேட்டு?

இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுப்பதற்காக அன்று. ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக. குடியியல் பாடத்தில் மக்களாட்சி பற்றிப் படித்துக்கொண்டிருந்த வேளையில் எங்கள் சிஸ்டர் கரும்பலகையில் இவ்வாறு எழுதினார்கள்: "நம் நாட்டு இளைஞர் அனைவருக்கும் ஓராண்டு இராணுவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டுமா?" ஆளுக்கொரு துண்டுச் சீட்டு தந்தார்கள். காலியான சாக்பீஸ் பெட்டிதான் வாக்குப் பெட்டி.

எண்ணிப் பார்த்தபோது, "வேண்டும்" என்ற சீட்டுகளே மிகுதியாக இருந்தன. நாங்கள் கைதட்டினோம். நாட்டுப்பற்றில் எங்கள் வகுப்பு யாருக்கும் சளைத்ததல்ல என்று எண்ணி மகிழ்ந்தோம். அப்போது சிஸ்டர் அமைதியாக ஒன்று கேட்டார்கள்: "இளைஞர் என்று எழுதியிருந்தேனே, யாரை நினைத்துக்கொண்டு வாக்களித்தீர்கள்?"

வகுப்பு மௌனமாயிற்று. எங்களுள் பெரும்பாலோர் அண்ணன்மாரையும் தம்பிமாரையுமே நினைத்திருந்தோம். "சரி, 'பெண்கள் உட்பட' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபடியும் எழுதுங்கள்" என்றார்கள் சிஸ்டர். இரண்டாம் முறை எண்ணியபோது "வேண்டாம்" வென்றது. பத்து நிமிடத்துக்குள் எங்கள் நாட்டுப்பற்று எங்கே போயிற்று என்று எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை. மூன்று வாரங்கள் நூலகத்திலும் வீட்டிலும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றை, எங்கள் தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சொற்களின் பொருள்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குறிப்பிட்ட வயதினரைச் சட்டத்தின் மூலம் படையில் சேர்த்துக்கொள்வது கட்டாய இராணுவ சேவை. படையில் சேர்க்காமல், அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், முதலுதவி முதலியவற்றை மட்டும் எல்லாருக்கும் கற்பிப்பது கட்டாய இராணுவப் பயிற்சி. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் பயிற்சி என்பது சேவைக்கு முதற்படி என்று பல நாடுகள் கருதுகின்றன.

சட்டமன்ற உறுப்பினர்களோ பாராளுமன்ற உறுப்பினர்களோ முடிவு செய்யாமல், ஒரு கேள்வியை நேரே மக்களிடம் வைத்து "ஆம்", "இல்லை" என்று விடை பெறுவது பொதுவாக்கெடுப்பு. நம் இந்திய அரசியலமைப்பில் இதற்கென்று தனி விதி கிடையாது. ஆயினும் இம்முறை நமக்கு முற்றிலும் புதியதன்று. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றனர். 8 பேர் வேண்டாம் என்றனர். 1967 ஜனவரி 16 அன்று, மகாராஷ்டிரத்தோடு இணைவதா, தனித்திருப்பதா என்று கோவா மக்களையே நேரில் கேட்டார்கள். 34,021 வாக்கு வித்தியாசத்தில் மக்கள் தனித்திருக்கவே விரும்பினர்.

நம் அரசியலமைப்பு சொல்வது

இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பின் கட்டாய இராணுவ சேவை இருந்ததில்லை. நம் படையினர் அனைவரும் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களே. ஆனால் கட்டாயமாக்கவே முடியாது என்று நம் சட்டம் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு, கூலியின்றி வேலை வாங்குவதையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. அதே பிரிவின் இரண்டாம் பகுதி, பொது நன்மைக்காக அரசு கட்டாய சேவையை விதிக்கலாம் என்கிறது. அவ்வாறு விதிக்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு என்ற காரணத்தால் மட்டும் வேறுபாடு காட்டலாகாது என்றும் கூறுகிறது. இதைப் படித்தபோது எங்களுள் ஒருத்தி, "ஆண், பெண் என்ற வேறுபாடு இந்தப் பட்டியலில் இல்லையே!" என்றாள். உண்மைதான். எங்கள் வகுப்பின் முதல் வாக்கெடுப்பும் அப்படித்தானே நடந்தது!

1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் ஒன்று, நாட்டைப் பாதுகாப்பதும், அழைக்கப்படும்போது நாட்டுக்குப் பணி செய்வதும் ஆகும். "அழைக்கப்படும்போது" என்னும் சொல்லை நாங்கள் அடிக்கோடிட்டு வைத்தோம். அழைப்பது யார்? அழைக்கப்படுபவர் சொல்வதைக் கேட்பது யார்?

தாத்தா கண்ட கட்டாயம்

நம் நாட்டிலும் ஒருமுறை பயிற்சி கட்டாயமாக இருந்தது என்பது எங்களுள் பலருக்குத் தெரியாது. எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவர் அறுபதுகளில் சென்னையில் கல்லூரியில் படித்தவர். தண்டையார்பேட்டையில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டோம்.

தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. மறு ஆண்டே பெண்கள் பிரிவும் தொடங்கியது. இதில் சேர்வதனால் மட்டும் ஒருவர் போர்முனைக்குச் செல்லக் கடமைப்பட்டவர் ஆகார் என்று அச்சட்டமே கூறுகிறது. 1962 அக்டோபரில் சீனப்போர் மூண்டது. நாடு அதிர்ந்தது. மறு ஆண்டு, 1963-ல், உடல் தகுதியுள்ள கல்லூரி மாணவர்கள், அதாவது ஆண்கள், எல்லாரும் இப்பயிற்சி பெற வேண்டும் என்று ஆயிற்று. 1968-ல் கட்டாயம் நீங்கி, மீண்டும் விருப்பப் பயிற்சி ஆயிற்று. விரும்பும் மாணவர்கள் வேறு வழியில் தொண்டாற்ற, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது.

"முதல் வருஷம் எல்லாருக்கும் ஒரே உற்சாகம், பாப்பா" என்றார் தாத்தா. "சீனாக்காரன் வந்துட்டானேன்னு ரோஷம். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டு, மைதானத்திலே நிப்போம். அப்புறம் பழகிப் போச்சு. பரேடு முடிஞ்சா பூரி கிழங்கு தருவாங்க. அதுக்காகவே வந்தவன் பாதிப்பேர். வராட்டி அட்டெண்டன்ஸ் போயிடும்னு வந்தவன் மீதிப்பேர்."

கட்டளைகள் இந்தியில் இருந்தன. "சாவ்தான்", "விஷ்ராம்" என்று ஒலியைக் கேட்டே காலை மாற்றினார்களாம். 1965-ல் தமிழகத்தில் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர் கிளர்ச்சி எழுந்த பின், அந்த ஒலியே பலருக்குக் கசந்தது. 1968 ஜனவரி 23 அன்று, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. தேசிய மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்பதும் அத்தீர்மானத்தில் அடங்கும்.

நாங்கள் தாத்தாவிடம் கேட்டோம்: "உங்களை யாராவது கேட்டார்களா, தாத்தா?" அவர் சிரித்தார். "யாரு கேப்பாங்க? எனக்கு அப்போ ஓட்டே கிடையாது!"

இந்தப் பதில் எங்களை யோசிக்க வைத்தது. அக்காலத்தில் வாக்களிக்கும் வயது 21. 1989-ல்தான் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே வெயிலில் அணிவகுத்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை. வாக்குரிமை இருந்தவர்களில் பெரும்பாலோர் அணிவகுக்கவில்லை. மேலும், கட்டாயம் கல்லூரிக்குச் சென்றவர்களுக்கு மட்டுமே. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவர் வயதுப் பையன்களை அது தொடவில்லை. "பயிற்சியை நான் குறை சொல்லமாட்டேன். நேரத்துக்கு எழுந்திருக்க அங்கேதான் கத்துக்கிட்டேன். ஆனா விரும்பி வந்தவன் பக்கத்திலே நின்னா ஒரு மாதிரி இருக்கும், வேண்டா வெறுப்பா வந்தவன் பக்கத்திலே நின்னா ஒரு மாதிரி இருக்கும்" என்று தாத்தா முடித்தார்.

கேட்டுப் பார்த்த நாடுகள்

மக்களைக் கேட்காமல் முடிவு செய்த நாடுகளே பல. சிங்கப்பூர் 1967 மார்ச்சில் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய சேவையைக் கொண்டுவந்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் ஒரே அணியில், மலாய் மொழிக் கட்டளைக்கு நடக்கிறார்கள். ஆண்கள் மட்டுமே கட்டாயமாகச் சேர வேண்டும்.

ஆனால் சில நாடுகள் மக்களையே கேட்டன. அவற்றுள் மூன்றை இங்கே காண்போம்.

முதலாவது ஆஸ்திரேலியா. முதல் உலகப்போருக்கு முன்பே, 1911 முதல் அங்கே சிறுவர்களுக்கு இராணுவப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. ஆனால் அவர்களைக் கடல் கடந்து போருக்கு அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. 1916-ல் பிரதமர் ஹியூஸ், வெளிநாட்டுப் போருக்கும் ஆட்களைக் கட்டாயமாக அனுப்பலாமா என்று மக்களிடம் கேட்டார். அக்டோபர் 28 அன்று 10,87,557 பேர் ஆம் என்றனர். 11,60,033 பேர் இல்லை என்றனர். 1917 டிசம்பர் 20 அன்று மீண்டும் கேட்டார். "இல்லை" இன்னும் கூடுதலான வித்தியாசத்தில் வென்றது. அந்நாட்டுப் பெண்களுக்கு 1902 முதலே வாக்குரிமை இருந்ததால், மகனை அனுப்ப வேண்டிய தாய்மாரும் வாக்களித்தனர். போர்முனையில் இருந்த வீரர்களும் வாக்களித்தனர். அவர்களுள்ளும் பெருந்தொகையினர் "இல்லை" என்றனர். மெல்போர்ன் நகரக் கத்தோலிக்க ஆயர் டேனியல் மானிக்ஸ் கட்டாயத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அதற்காக அவரை நாட்டுக்கு உண்மையில்லாதவர் என்று பலர் ஏசினர். "வேண்டாம்" என்பவர் எல்லாம் துரோகி அல்லர் என்பதை இந்த வரலாறு நமக்கு நினைவூட்டுகிறது.

இரண்டாவது ஆஸ்திரியா. 2013 ஜனவரி 20 அன்று, கட்டாய சேவையைத் தொடர்வதா, சம்பளப் படையாக மாற்றுவதா என்று மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் கட்டாயமே தொடரட்டும் என்றனர். இதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. அந்நாட்டில் ஆயுதம் ஏந்த விரும்பாத ஆண், ஆறு மாத இராணுவப் பணிக்குப் பதிலாக ஒன்பது மாதம் பொதுத்தொண்டு செய்யலாம். ஆம்புலன்ஸ் வண்டிகளிலும் முதியோர் இல்லங்களிலும் அந்த இளைஞர்கள் பணியாற்றுகிறார்கள். கட்டாயம் நீங்கினால் அந்தத் தொண்டர்களும் இல்லாமல் போவார்களே என்று மக்கள் அஞ்சினர். அங்கே வாக்களிக்கும் வயது 16. ஆனாலும் இளையோரில் பெரும்பாலோர் மாற்றத்தை விரும்ப, முதியோரில் பெரும்பாலோர் கட்டாயத்தை விரும்பினர் என்று அப்போதைய கருத்துக்கணிப்பு காட்டியது. எங்கள் முதல் வாக்கெடுப்பு மீண்டும் எங்கள் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது சுவிட்சர்லாந்து. 2013 செப்டம்பர் 22 அன்று கட்டாய சேவையை நீக்கலாமா என்று கேட்டபோது, நூற்றுக்கு 73 பேர் நீக்க வேண்டாம் என்றனர். 2025 நவம்பர் 30 அன்று, பெண்களையும் சேர்த்து எல்லாருக்கும் ஏதேனும் ஒரு நாட்டுப்பணியைக் கட்டாயமாக்கலாமா என்று கேட்டார்கள். அதை நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் மறுத்தனர். வீட்டில் குழந்தைகளையும் முதியோரையும் கவனிக்கும் பணியைச் சம்பளமின்றி அதிகம் செய்பவர்கள் பெண்களே. அவர்கள்மேல் இன்னொரு சுமையா என்பது எதிர்த்தவர்களின் வாதங்களுள் ஒன்று.

மனசாட்சியின் குரல்

ஆஸ்திரியாவைப் பற்றிப் படிக்கும்போது ஓர் ஏழை உழவரைச் சந்தித்தோம். அவர் பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். மூன்று பெண் குழந்தைகளின் தந்தை. ஹிட்லரின் அநியாயப் போரில் ஆயுதம் ஏந்தமாட்டேன் என்று மறுத்தார். மருத்துவப் பணி செய்கிறேன் என்று கேட்டும் ஏற்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2007 அக்டோபரில் திருச்சபை அவரை மறைசாட்சியாக ஏற்று, அருளாளர் நிலைக்கு உயர்த்தியது.

1965 டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏடு, மனசாட்சியை முன்னிட்டு ஆயுதம் ஏந்த மறுப்பவர்கள் வேறு வழியில் சமுதாயத்துக்குப் பணி செய்ய இசைந்தால், அவர்களுக்குச் சட்டம் மனிதநேயத்துடன் இடமளிக்க வேண்டும் என்கிறது. அதே ஏடு, நாட்டைக் காக்கும் படைவீரர்களை மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியம் செய்பவர்களாகவே மதிக்கிறது. இருவரையும் மதிக்கலாம் என்பது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

நம் தெருக்களில்

இக்கேள்வி ஏட்டில் மட்டும் இருப்பதன்று. வண்ணாரப்பேட்டையிலும் இராயபுரத்திலும் வாழும் நமக்குப் போர் என்பது கதையன்று. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் நம் துறைமுகத்தின்மேல் குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைத் தீக்கிரையாக்கியது. துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் மின் நிலையங்களும் உள்ள இப்பகுதியில், ஆபத்து வேளையில் என்ன செய்வது என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பது நல்லதுதானே என்பது "வேண்டும்" என்றவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது.

"வேண்டாம்" என்றவர்களின் வாதத்தையும் கேளுங்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். தந்தை இல்லாத வீடு. "அண்ணன் ஒரு வருடம் முகாமுக்குப் போனால் எங்கள் வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது?" என்று அவள் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அடுத்து அமரும் தோழியின் அண்ணனோ, படையில் சேர்ந்தே தீருவேன் என்று தினமும் விடியற்காலையில் காசிமேட்டுப் பக்கம் ஓடிப் பழகுகிறார். அவருக்குக் கட்டாயம் தேவையில்லை, வாய்ப்புத்தான் தேவை. ஒரே பெஞ்சில் இரண்டு வீடுகள், இரண்டு நியாயங்கள்.

தாமாக வருபவர்களின் வலிமையையும் மறக்கலாகாது. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் இலட்சுமி, சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் தாமே முன்வந்து அவர் பின்னே அணிவகுத்தனர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்தபோது, மீனவ சகோதரர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டனர். அவர்களை யாரும் சட்டம் போட்டு அழைக்கவில்லை. ஆனால் படகு செலுத்த அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மனமும் வேண்டும், பயிற்சியும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

மூன்றாம் வாக்கெடுப்பு

இவற்றையெல்லாம் படித்த பின், மூன்றாம் முறை வாக்கெடுப்பு நடத்துமாறு சிஸ்டரை வேண்டினோம். "கேள்வியை இம்முறை நீங்களே எழுதுங்கள்" என்றார்கள். எளிதென்று நினைத்தோம், இரண்டு பாட வேளைகள் கழிந்தன. இறுதியில் எழுதியது இதுதான்: "ஆண், பெண் இருபாலருக்கும், ஆயுதப் பயிற்சி அல்லது முதலுதவி, பேரிடர்ப் பணி இவற்றுள் தாம் தேர்ந்துகொள்ளும் ஒன்றில், குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைக்கு விலக்களித்து, ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாமா?"

இம்முறை சீட்டை எழுத வெகு நேரம் ஆயிற்று. யாரும் பக்கத்தவள் சீட்டை எட்டிப் பார்க்கவில்லை. சிறு வித்தியாசத்தில் "வேண்டாம்" வென்றது. "வேண்டும்" என்றவர்களும் முகம் சுளிக்கவில்லை. இதை எழுதும் எங்களுள்ளும் இரு பக்கத்தாரும் உண்டு.

ஆயினும் ஒன்றில் எல்லாரும் உடன்பட்டோம். பிறர் தோளில் சுமையை ஏற்றுவதற்குக் கை தூக்குவது மிக எளிது. ஆகவே இத்தகைய கேள்வியில், சுமக்கப் போகிறவரை முதலில் கேட்க வேண்டும். கேட்பவர் தம் தோளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னும் மூன்றாண்டுகளில் எங்கள் கையில் வாக்குச் சீட்டு வரும். அப்போது எந்தக் கேள்வி வந்தாலும், அந்த சாக்பீஸ் பெட்டியும் எங்கள் முதல் கைதட்டலும் எங்களுக்கு நினைவிருக்க இறைவன் அருள்புரிவாராக.

தங்கைமார் சிந்திக்கச் சில வினாக்கள்

1. கட்டாய சேவைக்கும் கட்டாயப் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. 1963 முதல் 1968 வரை பயிற்சி யாருக்குக் கட்டாயமாக இருந்தது? அவர்களுள் பெரும்பாலோர் ஏன் வாக்களிக்க இயலவில்லை?

3. உங்கள் வீட்டில் ஒருவர் ஓராண்டு பயிற்சிக்குச் செல்ல நேர்ந்தால், அவர் செய்துவந்த வேலைகளை யார் யார் ஏற்பீர்கள்? பெற்றோருடன் கலந்து பேசி எழுதுக.

– பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், வகுப்பு மாணவி ஒருத்தி